தனிநபர் தகவல் பாதுகாப்பு: சட்டம் பாதி, விழிப்பு மீதி

புது தில்லி: மருந்துக் கடையில் ரசீதுக்காகச் சொல்லும் செல்லிடப்பேசி எண், தங்கும் விடுதியின் வரவேற்பறையில் கொடுக்கும் ஆதார் நகல், புதிய செயலி கேட்டவுடன் யோசிக்காமல் அழுத்தும் "அனுமதி" பொத்தான் - கோடிக்கணக்கான இந்தியர்கள் அன்றாடம் செய்யும் இந்தச் சிறு செயல்களைப் பொருத்தே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அமையப் போகின்றன.

தகவல்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனங்களுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க, 2023-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது. ஆனால், அந்த அபராதத் தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதியில்தான் சேரும். தகவல் கசிவால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க இச்சட்டத்தில் வழிவகை ஏதும் இல்லை. தவறு செய்த நிறுவனம் தண்டிக்கப்படலாம்; தகவலை இழந்தவரின் இழப்பு அவருடனேயே நின்றுவிடும். ஒருமுறை வெளியேறிவிட்ட கைரேகையையோ, பிறந்த தேதியையோ திரும்பப் பெறவும் முடியாது. சட்டம் வந்துவிட்டது என்று மக்கள் அசட்டையாக இருந்துவிட முடியாது என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

நீதிமன்றத்தில் தொடங்கிய பயணம்:

அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமையா என்ற கேள்வியே நீண்டகாலம் விடை காணப்படாமல் இருந்தது. ஆதார் திட்டத்தை எதிர்த்து, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அரசியல் சாசனத்தில் அப்படியோர் அடிப்படை உரிமை இல்லை என்று மத்திய அரசு வாதிட்டது. 1954, 1962-ஆம் ஆண்டுகளில் வெளியான இரு தீர்ப்புகளை அரசுத் தரப்பு அதற்கு ஆதாரமாகக் காட்டியது.

தலைமை நீதிபதி ஜே.எஸ். கேஹர் தலைமையிலான 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு செப்டம்பர் 26-இல் ஆதார் வழக்கில் தனியாகத் தீர்ப்பு வெளியானது. அதில் ஆதார் திட்டம் செல்லும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், வங்கிக் கணக்குக்கும் செல்லிடப்பேசி இணைப்புக்கும் அதைக் கட்டாயமாக்குவதை ரத்து செய்தது. பின்னர், விரும்புவோர் தாமாக முன்வந்து ஆதாரை அடையாளச் சான்றாக அளிக்க 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இடமளித்தது.

நாடாளுமன்றத்தின் பங்கோ தாமதமாகவே வந்தது. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலையில் அறிக்கை அளித்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்த அக்குழு 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தது. இதையடுத்து, 2022 ஆகஸ்ட் 3-இல் மசோதாவையே அரசு திரும்பப் பெற்றது. சரியாக ஓராண்டு கழித்துப் புதிய மசோதா அறிமுகமானது. மணிப்பூர் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் அமளியில் ஈடுபட்டிருந்த வேளையில், 2023 ஆகஸ்ட் 7-இல் மக்களவையிலும் 9-இல் மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது.

சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கான விதிகள் வெளியாக மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 2025 நவம்பரில் வெளியான அறிவிக்கை, நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் அளித்தது. அதாவது, அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்த நாளிலிருந்து அதற்கான சட்டப் பாதுகாப்பு முழுமை பெற ஏறத்தாழ பத்து ஆண்டுகள் என்று கணக்காகிறது.

மூன்று வாசல்கள்:

இச்சட்டத்தின் பிரிவுகளைக் கூர்ந்து படித்தால், மூன்று இடங்களில் முடிவு குடிமகனின் கையில் விடப்பட்டிருப்பதைக் காணலாம்.

முதலாவது, ஒப்புதல். ஒருவரின் தகவலைப் பெற, அவரது சுதந்திரமான, தெளிவான ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். அந்த ஒப்புதலும் தேவையான தகவலுக்கு மட்டுமே செல்லும். இதை விளக்கச் சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டுள்ளது. தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்கான தகவல்களுடன், செல்லிடப்பேசியில் உள்ள தொடர்பு எண்களின் பட்டியலையும் கேட்கிறது; பயனாளர் இரண்டுக்கும் சம்மதிக்கிறார். மருத்துவ ஆலோசனைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால், அந்தச் சம்மதம் சிகிச்சைத் தகவலுக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது சட்டம்.

இரண்டாவது, தாமாக முன்வந்து அளிக்கும் தகவல். மருந்துக் கடையில் பொருள் வாங்கும் ஒருவர், ரசீதைக் குறுஞ்செய்தியில் அனுப்புமாறு தனது எண்ணைத் தந்தால், ரசீது அனுப்பும் அந்த நோக்கத்துக்காக அதைக் கடை பயன்படுத்தலாம். தனியாக ஒப்புதல் தேவையில்லை.

மூன்றாவது, தாமே வெளியிடும் தகவல். சமூக ஊடகத்தில் எல்லோரும் காணும்படி ஒருவர் தன்னைப் பற்றி வெளியிடும் தகவலுக்கு இச்சட்டம் பொருந்தவே பொருந்தாது. முகநூலில் பிறந்த நாள், ஊர், பணியிடம் ஆகியவற்றைப் பகிரங்கமாக வைத்திருப்பவர் அவற்றை வேறொருவர் திரட்டிக்கொண்டார் என்று இச்சட்டத்தின்கீழ் புகார் கூற இயலாது.

இந்த மூன்று வாசல்களையும் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது அன்றாடப் பழக்கத்தைப் பொருத்தது.

ஆதார் நகலில் கவனம்:

ஆதார் நகலை எல்லா இடங்களிலும் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்து, ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே மாதம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று கூறி, இரண்டே நாள்களில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. மக்கள் வழக்கமான முன்னெச்சரிக்கையைக் கடைப்பிடித்தால் போதும் என்றும் விளக்கம் அளிக்கப்பட்டது. அறிவிப்பு மறைந்தாலும், அது சுட்டிக்காட்டிய வழி இன்றும் உள்ளது.

முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் அட்டையை ஆணையத்தின் இணையதளத்திலிருந்தே பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். அடையாளத்தைக் காட்டினால் மட்டும் போதும் என்ற இடங்களில் இதையே கொடுப்பது நல்லது. ஆதார் எண்ணுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய 16 இலக்க மெய்நிகர் எண்ணையும் அதே தளத்தில் பெறலாம். வேண்டும்போது அதை மாற்றிக்கொள்ளவும் முடியும். தாளில் நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் தரப்படுகிறது என்பதை அதன் குறுக்கே எழுதிக் கையொப்பமிட்டால், அது வேறு காரியத்துக்குப் பயன்படுவது கடினமாகும்.

கைரேகைக்கும் பூட்டு உண்டு. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த கைரேகைகளைப் பிரதியெடுத்து, ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை மூலம் பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்ததாக ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் வழக்குகள் பதிவாகியுள்ளன. ஓ.டி.பி. எதுவும் வராமலேயே பணம் பறிபோவதுதான் இம்மோசடியின் தன்மை. ஆதார் ஆணையத்தின் இணையதளம் அல்லது செயலி வழியாகக் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டிவைத்தால் இதைத் தடுக்கலாம். ரேஷன் பொருள் வாங்குவது போன்ற தேவை வரும்போது தாற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். கிராமங்களில் ஆதார் வழியே பணம் எடுக்கும் முதியோருக்கு இந்த நடைமுறையைக் குடும்பத்தினர் சொல்லித் தருவது அவசியம்.

எண்ணைக் கேட்டால் மறுக்கலாம்:

செல்லிடப்பேசி எண் தராவிட்டால் ரசீது போட முடியாது என்று சில்லறை விற்பனைக் கடைகளில் கூறுவதாகப் புகார்கள் வந்ததையடுத்து, அப்படி வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது. எண்ணைத் தர மறுக்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. "எண் வேண்டாம், ரசீது மட்டும் கொடுங்கள்" என்று கூறத் தயங்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்குடன் இணைத்த எண்ணை வங்கி, அரசு சேவைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கடைகளுக்கும் இணைய வணிகத்துக்கும் வேறு எண்ணைத் தருவதும் பயனளிக்கும்.

யு.பி.ஐ. முகவரியிலும் இதே கவனம் தேவை. பல செயலிகள் செல்லிடப்பேசி எண்ணையே யு.பி.ஐ. முகவரியாக அமைத்துவிடுகின்றன. இதனால், பணம் செலுத்தும் ஒவ்வொரு கடைக்கும் அந்த எண் போய்ச் சேரும் வாய்ப்பு உள்ளது. எண் இடம்பெறாத மாற்று முகவரியைச் செயலியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை உள்ளிட வேண்டிய தேவையே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒருவரின் ஆவணங்களைக் கொண்டு அவருக்குத் தெரியாமலேயே சிம் அட்டை வாங்கப்பட்டுள்ளதா என்பதை, தொலைத்தொடர்புத் துறை 2023-இல் தொடங்கிய "சஞ்சார் சாத்தி" இணையதளத்தில் அறியலாம். தன் பெயரில் உள்ள இணைப்புகள் அனைத்தையும் பார்த்து, தனக்குச் சொந்தமில்லாதவற்றைத் துண்டிக்குமாறு அதிலேயே கோரலாம். செல்லிடப்பேசி தொலைந்தால் அதைச் செயலிழக்கச் செய்யும் வசதியும் அதில் உள்ளது.

பிறர் எண்களும் பறிபோகும்:

தொடர்புப் பட்டியலைப் பார்க்க ஒரு செயலிக்கு அனுமதி அளித்தால் என்ன நேரும் என்பதைக் கடன் செயலிகளின் வரலாறு உணர்த்துகிறது. கரோனா பொது முடக்கத்தால் வருவாய் இழந்த பலர், 2020-இல் சில ஆயிரம் ரூபாய்க்காக இத்தகைய செயலிகளை நாடினர். கடன் வழங்கும் முன் தொடர்புப் பட்டியல், புகைப்படங்கள் ஆகியவற்றுக்கு அச்செயலிகள் அனுமதி பெற்றன. தவணை தவறியதும், பட்டியலிலிருந்த உறவினர்களுக்கும் அலுவலக மேலதிகாரிகளுக்கும் அவதூறுச் செய்திகள் பறந்தன. ஆபாசமாகத் திரித்த படங்களைக் காட்டி மிரட்டிய சம்பவங்களும் உண்டு. இந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் தெலங்கானா உள்ளிட்ட மாநிலங்களில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர்.

இதையடுத்து 2021 ஜனவரியில் பணிக்குழு அமைத்த ரிசர்வ் வங்கி, 2022 செப்டம்பரில் விதிமுறைகளை வெளியிட்டது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரங்கள், கோப்புகள், படங்கள் ஆகியவற்றை அணுகக் கூடாது என்று அதில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களுடன் தொடர்புடைய கடன் செயலிகளின் பட்டியலை 2025 ஜூலை முதல் தனது இணையதளத்திலும் ரிசர்வ் வங்கி வெளியிட்டு வருகிறது. எனவே, தொடர்புப் பட்டியலைக் கேட்கும் கடன் செயலியை அந்த நொடியே நீக்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

இதில் மற்றொரு கோணமும் உள்ளது. தொடர்புப் பட்டியலில் இருப்பவை செல்லிடப்பேசியின் சொந்தக்காரருடைய தகவல்கள் அல்ல. அவை அவரை நம்பி எண் தந்த நூற்றுக்கணக்கானோரின் தகவல்கள். அவர்களில் எவரிடமும் சம்மதம் கேட்கப்படுவதில்லை. ஒருவர் தன் அந்தரங்கத்தைப் பொருட்படுத்தாதவராக இருக்கலாம். பிறருடைய அந்தரங்கத்தைப் பணயம் வைக்கும் உரிமை அவருக்கு இல்லை.

அரை மணி நேரம் போதும்:

பெரும்பாலான பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குச் செலவு ஏதும் இல்லை. செல்லிடப்பேசியின் அமைப்புகள் பகுதியில், எந்தெந்தச் செயலிக்கு ஒலிவாங்கி, கேமரா, இருப்பிடம், தொடர்புப் பட்டியல் ஆகியவற்றுக்கான அனுமதி உள்ளது என்பதைப் பார்க்கலாம். டார்ச் விளக்குச் செயலிக்கு இருப்பிடம் எதற்கு, புகைப்படத்தை அழகுபடுத்தும் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு என்று கேட்டுப் பார்த்தாலே பல அனுமதிகள் தேவையற்றவை என்பது புலப்படும். வரைபடம், வாடகைக் கார் போன்ற செயலிகளுக்கு இருப்பிடத்தை "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றி வைக்கலாம். மாதக்கணக்கில் திறக்காத செயலிகளை நீக்கிவிடுவது நல்லது.

வாட்ஸ்ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்க ரகசிய எண்ணை அமைத்துக்கொண்டால், ஓ.டி.பி.யை ஏமாற்றிப் பெற்றவர்கூடக் கணக்கை எளிதில் கைப்பற்ற முடியாது. முகப்புப் படத்தையும் குழுக்களில் சேர்க்கும் உரிமையையும் அறிந்தவர்களுக்கு மட்டும் என்று வரையறுக்கலாம். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைக்கக் கூடாது. பழைய செல்லிடப்பேசியை விற்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, எல்லாத் தகவல்களையும் அழித்துவிட வேண்டும். யாரோ ஒருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார் என்பதற்காகத் திரையைப் பகிரும் செயலியை ஒருபோதும் நிறுவக் கூடாது.

"டிஜிட்டல் கைது" என்ற பெயரில் முதியோரிடம் பணம் பறிக்கும் கும்பல்களின் மூலதனமும் இத்தகைய தகவல்களே. பெயர், முகவரி, ஆதார் எண் ஆகியவற்றை அழைப்பவர் சரியாகச் சொல்லும்போது, அவர் உண்மையான அதிகாரிதான் என்று கேட்பவர் நம்பிவிடுகிறார். தொலைபேசி, விடியோ அழைப்பு வாயிலாக எந்த விசாரணை அமைப்பும் இப்படி விசாரிப்பதில்லை என்று 2024 அக்டோபரில் வானொலி உரையில் பிரதமர் மோடியே எச்சரிக்க நேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கூடுதல் கண்டிப்புடன் உள்ளது. 18 வயதுக்கு உள்பட்டோரின் தகவலைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைக் கண்காணிப்பதற்கும், குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் பொதுவாகத் தடை உள்ளது. ஆனால், பள்ளிச் சீருடையுடன், பள்ளியின் பெயர் தெரியும்படி குழந்தையின் படத்தைப் பெற்றோரே பகிரங்கமாக வெளியிட்டால், அதைப் பார்ப்பவர்களை எந்தச் சட்டத்தாலும் வடிகட்ட முடியாது.

அரசிடமும் கேள்வி வேண்டும்:

தனிமனித விழிப்பால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று கருதவும் இயலாது. கரோனா தடுப்பூசி செலுத்திக்கொண்டோரின் விவரங்கள் டெலிகிராம் செயலியில் கிடைப்பதாக 2023 ஜூனில் செய்திகள் வெளியாயின. கோவின் தளம் பாதுகாப்பானது என்று மத்திய அரசு மறுத்தது. தடுப்பூசிக்குப் பதிவு செய்யும்போது விவரங்களைத் தராமல் இருக்க எவருக்கும் வழி இருக்கவில்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தைப் புதிய சட்டம் மத்திய அரசுக்கு வழங்கியுள்ளது. சட்டத்தின் பெரும் குறையாக எதிர்க்கட்சிகளும் சட்ட வல்லுநர்களும் இதையே சுட்டிக்காட்டுகின்றனர்.

அதேவேளையில், கேள்வி எழுப்பினால் பலன் உண்டு என்பதற்கும் சான்று உள்ளது. புதிய செல்லிடப்பேசிகள் அனைத்திலும் "சஞ்சார் சாத்தி" செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் தயாரிப்பு நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய நேரத்தில் இச்செய்தி வெளியானதால், நாடாளுமன்றத்தின் உள்ளும் புறமும் எதிர்ப்பு எழுந்தது. உளவு பார்க்க அதில் இடமே இல்லை என்று துறை அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா விளக்கம் அளித்தார். எனினும், டிசம்பர் 3-இல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இதே துறையின் இணையதளம் மக்களுக்குப் பயன்படுகிறது என்பதில் ஐயமில்லை. எழுந்த கேள்வி பயனைப் பற்றியது அன்று, விருப்பத்தைப் பற்றியது. தாமாகத் தேடிச் சென்று பயன்படுத்துவதற்கும், கேட்காமலேயே கைப்பேசியில் ஏற்றி வைக்கப்படுவதற்கும் இடையிலான வேறுபாட்டை மக்கள் உணர்ந்திருந்தனர்.

தமிழிலும் கேட்கலாம்:

ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமன்றி, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்கும் வாய்ப்பை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். அதன்படி தமிழில் கேட்டுப் பெறும் உரிமை பயனாளருக்கு உண்டு. அளித்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதே அளவுக்குத் திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும். தன்னைப் பற்றிய தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கோரலாம். முதலில் அந்நிறுவனத்திடம் முறையிட்டு, பலனில்லாதபோது தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுகலாம். பண மோசடி நேர்ந்தால் உடனடியாக 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கப்படுகிறதோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

இந்த உரிமைகள் யாவும் கேட்பவருக்கே கிட்டும். படிக்காமல் ஒப்புதல் அளிப்பதும், கேட்டவர்க்கெல்லாம் நகல் கொடுப்பதும் தொடருமானால், 9 நீதிபதிகள் ஒருமனதாக அளித்த தீர்ப்பும், நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் ஏட்டளவிலேயே நின்றுபோகும். "எதற்காக இது உங்களுக்குத் தேவை?" என்ற ஒற்றைக் கேள்வியை கடைக்காரரிடமும், செயலியிடமும், அரசு அலுவலகத்திடமும் தயங்காமல் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், சட்டத்தின் மீதிப் பாதி தானாக நிறைவேறும்.